ஆதிரையின் பிறந்தநாளுக்கு நான் பார்த்த பூங்கா

குழந்தையின் பிறந்தநாளைப் பூங்காவில் வைப்பதென்றால் முதலில் பார்க்க வேண்டியது கழிப்பறை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை. நிழலை எல்லோரும் பார்ப்பார்கள். ஊஞ்சல், சறுக்குமரம், கேக் வைக்க ஒரு சிமென்ட் மேஜை, இவற்றையும் பார்ப்பார்கள். குழாயும் கழிப்பறையும் எந்த மூலையில் என்று யாரும் நடந்துபோய்ப் பார்ப்பதில்லை. இரண்டு வயதுப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்தால் அரைமணிக்கு ஒருமுறை யாராவது ஒரு தாய் அங்கே ஓடத்தான் வேண்டும். நான் மூன்று பூங்காக்களில் நடந்துபோய்ப் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் மேடம், என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்குச் சம்மதித்தீர்கள். நன்றி. நீங்கள் கேள்வி கேட்டு நான் பதில் சொன்னால் எனக்கு வசதியான பதில்தான் வாயில் வருகிறது. இந்த மூன்று நாளில் அதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

என் பெயர் பஞ்சவர்ணம். வயது நாற்பத்தெட்டு. திருமுல்லைவாயிலில் சொந்த வீடு. என் கணவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலையில் இருந்தபோதே இறந்துவிட்டார். அந்த வேலை கருணை அடிப்படையில் எனக்கு வந்தது. ஆபீஸில் கடிதப் பிரிவு. பிள்ளைகள் இல்லை. இதை ஏற்கனவே குறித்துக்கொண்டு, கீழே ஒரு கோடும் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது இல்லை.

சரவணக்குமார் என் தம்பி. என்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவன். வாடகைக் கார் ஓட்டுகிறான். அவன் மனைவி கிருஷ்ணப்பிரியா, நாங்கள் பிரியா என்று கூப்பிடுவோம், காட்டுப்பாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அவர்கள் மகள் ஆதிரை.

தம்பி கை நீட்டுகிறவன். இதை மற்றவர்களிடம் நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. ஒருமுறை குழந்தை இடுப்பில் இருக்கும்போதே பிரியாவை அடித்தான். காது வீங்கிவிட்டது. நான்தான் ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போனேன். பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்று டாக்டரிடம் சொன்னதும் நான்தான். பிரியா என் முகத்தை மட்டும் பார்த்தாள். அடுத்த வாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டுப்பாக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனுக்குக் குடிபோய்விட்டாள். அவளுக்கு அப்பா அம்மா இல்லை. ஒரே அக்கா, புனேயில் இருக்கிறாள்.

அந்தப் பொய்க்குப் பிறகும் அவள் என்னை விடவில்லை. அதுதான் ஆச்சரியம். சனிக்கிழமைகளில் அவளுக்கு வேலை உண்டு, குழந்தைகள் காப்பகம் கிடையாது. காலையில் ஸ்கூட்டரின் முன்னால் ஆதிரையை நிற்கவைத்து ஓட்டிக்கொண்டு வந்து என் வீட்டில் விட்டுவிட்டுப் போவாள். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து அழைத்துப்போவாள். நடுவில் ஒன்பது மணி நேரம். வாரத்தில் மற்ற நாட்களை நான் அந்த ஒன்பது மணி நேரத்துக்காகத்தான் கழித்தேன் என்று சொன்னால் மிகையாக இருக்கும். ஆனால் வேறு எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை.

ஜூலை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, அழைத்துப்போக வந்தவள் காபி குடித்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி, புனேல அக்கா ஒரு வேலை பாத்து வெச்சிருக்கா. செப்டம்பர்ல சேரணும். பாப்பாவையும் அங்கயே ப்ளே ஸ்கூல்ல போட்டுடலாம்னு இருக்கேன்."

"நல்லதும்மா" என்றேன்.

"போறதுக்கு முன்னால அவர் ஒருதடவை பாப்பாவப் பாத்துக்கட்டும். பர்த்டேக்கு வரட்டும். ஆனா வீட்ல வேணாம் அண்ணி. எனக்குப் பயமா இருக்கு. வெளிய எங்கயாவது, நாலு பேர் இருக்கிற எடத்துல வெச்சா அவரும் கொஞ்சம் அடங்கி இருப்பார். ஒரு பார்க் மாதிரி. நீங்களே பாத்துச் சொல்றீங்களா? உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

அவள் போன பிறகு அந்தக் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு தம்பிக்குப் போன் செய்தேன். இந்த இடத்தை நீங்கள் சரியாக எழுத வேண்டும். அவன் உங்களிடம், "எல்லாம் நான் போட்ட ப்ளான், அக்காவுக்கு ஒண்ணுந் தெரியாது" என்று சொல்லியிருக்கிறான். இல்லை. அவனுக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை. மகள் புனே போகிறாள் என்றதும், "இன்னாக்கா பண்றது, நான் பண்ணதுக்கு இது வேணும்" என்றுதான் சொன்னான். பொம்மை என்ன வாங்கலாம் என்று கேட்டான். அவனைத் திருப்ப எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. போனால் திரும்ப வரமாட்டாள் என்றேன். அங்கே வேறு ஒருவனைக் கட்டிக்கொள்வாள், உன் மகள் அவனை அப்பா என்று கூப்பிடுவாள் என்றேன். எட்டாவது நாள் அவன் அழுதான். ஒன்பதாவது நாள், "நீ சொல்றபடி செய்றேங்கா" என்றான்.

பிறகு பூங்கா பார்க்கப் போனேன்.

அம்பத்தூரில் பார்த்தது பெரியது. நல்ல புல்தரை, புதிய ஊஞ்சல்கள், வேப்பமர நிழல். ஆனால் ஒரே வாசல். வாசலில் காவலாளி, அவர் தலைக்கு மேல் கேமரா. பிரியாவிடம் அங்கே தெருநாய்த் தொல்லை என்று சொன்னேன். ஆவடிப் பக்கம் ஏரியோரத்தில் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை அங்கே கால்வைக்க இடமிருக்காது, கூட்டத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் நாலு பேர் வழி மறிப்பார்கள். அவளிடம் தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஆபத்து என்றேன். "ஐயோ, ஆமா அண்ணி, நான் யோசிக்கவே இல்ல பாருங்க" என்றாள்.

மூன்றாவது எங்கள் திருமுல்லைவாயிலில், வீட்டுமனைப் பிரிவு ஒன்றுக்குள் இருக்கும் சின்னப் பூங்கா. சுற்றிலும் ஆளுயரத்துக்குச் செடிவேலி. ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், அதன் கீழே சிமென்ட் மேஜை. கழிப்பறையும் குழாயும் முன்வாசலை ஒட்டி இருந்தன. பின்பக்கம், செடிகளுக்கு நடுவே, தோட்ட வேலைக்காரர்கள் குப்பை எடுத்துப்போக ஒரு சின்னக் கேட். கொக்கி மட்டும்தான், பூட்டு இல்லை. அதைத் திறந்தால் ஒரு சந்து, சந்தின் முனையில் கார் நிற்க இடம்.

ஆதிரை அப்போது பதினோரு கிலோ. நான் பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு மரத்தடியிலிருந்து அந்தக் கேட் வரை நடந்து பார்த்தேன். எழுபத்திரண்டு அடி. நடைபயிற்சிக்கு வந்திருந்த இரண்டு பெரியவர்கள், "ரேஷன் கடை இந்தப் பக்கம் இல்லம்மா" என்று வழிகூடச் சொன்னார்கள். அந்த நேரத்தில் எனக்குப் பயமோ வெட்கமோ இல்லை. ஒரு வேலையைச் சரியாகச் செய்கிறோம் என்றுதான் இருந்தது. வெட்கம் எல்லாம் பிறகுதான் வந்தது. வந்தது போகவும் இல்லை.

ஆகஸ்ட் மூன்றாவது ஞாயிறு, மாலை நாலரை மணி. பிரியாவின் ஆபீஸ் பெண்கள் ஐந்தாறு பேர், என் தெருவிலிருந்து மூன்று குடும்பம், ஏழெட்டுப் பிள்ளைகள். வாத்து வடிவத்தில் மஞ்சள் கேக் செய்யச் சொல்லியிருந்தேன். ஆதிரைக்கு வாத்து பிடிக்கும், ஆனால் பலூன் வெடித்தால் பயப்படுவாள். அதனால் பலூன்களைக் காற்றுக் குறைவாக ஊதிக் கட்டினேன். இதையெல்லாம் மனதாரத்தான் செய்தேன் மேடம். நடிப்பு என்று நீங்கள் நினைக்கலாம். அன்று அந்தப் பூங்காவில் இருந்தவர்களிலேயே அந்தப் பிறந்தநாளை அதிகமாக நேசித்தவள் நான்தான் என்று இன்றும் தோன்றுகிறது.

சரவணக்குமார் சலவைச் சட்டை போட்டு, ஒரு பெரிய யானைப் பொம்மையோடு வந்தான். பிரியா அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். குழந்தை முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கேக் ஊட்டியதும் சிரித்தது, மெல்ல அவன் மடிக்குப் போனது. பிரியா இதைப் பார்த்துக் கொஞ்சம் இளகியதை நான் பார்த்தேன். அதற்காகத்தான் காத்திருந்தேன்.

ரோஸ்மில்க் டம்ளர்கள் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் போய், தட்டைச் சாய்த்தேன். வெளிர்நீலப் புடவை. முந்தானையிலிருந்து மடிப்பு வரை சிவப்பாகிவிட்டது.

"ஐயோ, கை நழுவிடுச்சும்மா."

"பரவால்ல அண்ணி, விடுங்க."

"கறை பிடிச்சுடும். வா, குழாய்ல அலசிடலாம். சோப்பு வெச்சிருக்கேன்."

அவள் குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். "பாப்பா..." என்றாள்.

"இத்தனை பேர் இருக்காங்க இல்ல. ரெண்டு நிமிஷம்."

வந்தாள். முன்வாசல் குழாயடியில் நான் குனிந்து அவள் புடவைக்குச் சோப்புப் போட்டேன். ஒருமுறை போட்டதிலேயே கறை போய்விட்டது. இரண்டாவது முறையும் போட்டேன். அவள் என் தலைக்கு மேலிருந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நீங்க இல்லன்னா இந்தப் பர்த்டேவே இல்ல அண்ணி. புனே போனாலும் மாசம் ஒருதடவை பாப்பாவக் கூட்டினு வந்து உங்ககிட்ட விடுவேன்." நான் நிமிரவில்லை. மூன்றாவது முறை சோப்புப் போட்டேன்.

திரும்பி வந்தபோது மரத்தடியில் யானைப் பொம்மை மட்டும் இருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்ததால் எல்லோரும் தட்டுகளை எடுத்துவைக்கும் அவசரத்தில் இருந்தார்கள். அப்பா மழைக்கு ஒதுங்கத் தூக்கிப் போயிருப்பார் என்று நினைத்தார்களாம். பிரியா ஒருமுறைதான் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பின்கேட் திறந்து கிடந்தது. அவள் ஓடினாள், நானும் ஓடினேன். சந்தில் அவள் செருப்பு அறுந்தது. அதை நான் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அன்று அவளோடு காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்ததும் நான்தான். இடம் யார் பார்த்தது என்று அங்கே கேட்டார்கள். "இவங்கதான். இவங்களும் இல்லன்னா எனக்கு யாரும் இல்ல சார்" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இதுவரை செய்ததற்கு, தம்பிக்காகச் செய்தேன் என்று ஒரு சமாதானம் என்னிடம் இருந்தது. பன்னிரண்டாவது நாள் அதுவும் போய்விட்டது.

தம்பி குழந்தையோடு திருவள்ளூர்ப் பக்கம் ஒரு சிநேகிதன் வீட்டில் இருந்தான். அன்று ஆபீஸ் முடிந்து நான் ரயிலேறி அங்கே போனபோது ஆதிரைக்குக் காய்ச்சல். உதடு வெடித்திருந்தது. தம்பி முகம் மழிக்காமல், சுவரோரமாக உட்கார்ந்திருந்தான்.

"முடிலக்கா" என்றான். "காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அம்மா அம்மான்னு அழுதுகினே கீது. நான் தொட்டா ஒதர்றா. நான் அவளை அட்ச்சத எல்லாம் இது பாத்துகினு தான இருந்துச்சு. குடுத்துட்லாம்கா. ஜெயில்ல போட்டாலும் சர்தான். நானே கொண்ணு போய் வுட்டுர்றேன்."

அவன் பேசியது நியாயம். முப்பத்தைந்து வருடத்தில் அவன் பேசிய முதல் நியாயமான பேச்சு என்றுகூடச் சொல்வேன். நான் சரி என்றேன்.

"ஆனா நீ போகாதடா. உன்னைப் பார்த்ததும் பிடிச்சு உள்ளே வெச்சிடுவாங்க. நான் கொண்டுபோய்க் குடுக்கிறேன். நீ எங்கயாவது வெளியூர்ல வேலை பார்த்துக்க. கொஞ்ச நாள் போன் கீன் பண்ணாத."

அவன் குழந்தையின் பாதத்தில் முத்தம் கொடுத்தான். குழந்தை காலை இழுத்துக்கொண்டது. அன்றே ஓசூருக்குப் பஸ் ஏறிப் போய்விட்டான்.

குழந்தையை எடுத்துக்கொண்டு நான் காட்டுப்பாக்கம் போகவில்லை. கண்ணம்மா வீட்டுக்குப் போனேன். கண்ணம்மா எங்கள் தொழிற்சாலைக் கேன்டீனில் இருந்தவள். ஓய்வுபெற்று, திருவள்ளூர் தாண்டி ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறாள். பகலில் இவளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"யார் கொழந்தம்மா இது?"

"தம்பி பொண்ணு. தாய் செத்துப்போச்சு."

"அடக் கடவுளே" என்று கண்ணம்மா ஆதிரையை வாரி எடுத்துக்கொண்டாள். அவளை இந்த வழக்கில் சேர்க்காதீர்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்.

நாலாம் நாள் தம்பிக்கு வேறொரு எண்ணிலிருந்து பேசினேன். குழந்தையைக் கொடுத்துவிட்டேன், பிரியா வாங்கிக்கொண்டாள், கேஸை மேலே கொண்டுபோகமாட்டாளாம், ஆனால் நீ இனி அவர்கள் பக்கமே தலைகாட்டக் கூடாதாம், போன்கூடச் செய்யக் கூடாதாம் என்றேன். அவன் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான். பிறகு கேட்டான்: "பாப்பா அவங்கம்மாவப் பாத்ததும் இன்னாக்கா பண்ணுச்சு?"

நான் சொன்னேன். தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டது, என் கையிலிருந்து தாவியது, கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை, அவள் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தது என்று சொன்னேன். அந்தப் பக்கம் அவன் விம்மி அழுதான். "நல்ல காரியம் பண்ணக்கா, நீ நல்லா இருப்ப" என்றான்.

ஆகவே, மேடம், தகப்பன் குழந்தை தாயிடம் இருக்கிறது என்று ஓசூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். தாய் குழந்தை தகப்பனிடம் இருக்கிறது என்று ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்தி மட்டும் இருந்தேன். ஐந்து மாதம்.

வார நாட்களில் ஆபீஸ் விட்டதும் ஆவடியில் ரயில் ஏறிக் கண்ணம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். காலை ரயிலில் திரும்புவேன். ஞாயிறு மதியம் மட்டும் திருமுல்லைவாயில் வீட்டுக்கு வருவேன், ஏனென்றால் அன்று பிரியா வருவாள். வரும்போது ஆதிரையின் படம் போட்ட நோட்டீஸ் கட்டு கொண்டுவருவாள். இரண்டு பேரும் போய் ஒட்டுவோம். அம்பத்தூர் பஸ் நிலையம், ஆவடி ஸ்டேஷன், பூந்தமல்லியில் கோயில் பக்கம். நான் பசை தடவிக் கொடுப்பேன், அவள் ஒட்டி, மூலைகளை விரலால் அழுத்துவாள். படத்தில் கண்ணை மறைக்கும்படி சுருக்கம் விழுந்தால் பிரித்து மறுபடி ஒட்டுவாள். புனே வேலை கைவிட்டுப் போயிற்று. ஆள் பாதியாகிவிட்டாள். நான் குழம்பு வைத்து, அவள் தட்டில் பிசைந்துகூடக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு என் மடியில் தலைவைத்துப் படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்:

"அண்ணி, உங்க மேல பாப்பா வாசன அடிக்குது."

என் கை அவள் தலையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. "உன் நினைப்பும்மா" என்றேன்.

"ஆமா. எனக்கும் தெரியும். ஆனா அதுக்குத்தான் நான் இங்க வரேன்."

அன்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. வாய் வரை வந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கண்ணம்மா வீட்டில் தலைக்குக் குளித்து, வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்தேன். அந்த வாரம் பிரியா என் தோளில் முகத்தை வைத்து மூச்சு இழுத்துப் பார்த்தாள். பிறகு நோட்டீஸ்களை எடுத்து எண்ண ஆரம்பித்தாள். என் வாழ்நாளில் நான் வெட்கப்பட வேண்டியது எது என்று யாராவது கேட்டால் பூங்காவைச் சொல்லமாட்டேன். அந்தக் குளியலைச் சொல்வேன்.

ஆதிரை முதல் மாதம் முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் "ம்மா" என்பாள். "ம்மா ஆபீஸ்?" என்று என்னைக் கேட்பாள். "ஆமா, ஆபீஸ்" என்பேன். இரண்டாவது மாதம் ஸ்கூட்டர் சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பதோடு சரி. தீபாவளிக்குப் பிறகு அதுவும் இல்லை. பிள்ளை தேறிவிட்டது என்று கண்ணம்மா சொன்னாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் மாலை நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கண்ணம்மா அவளிடம், "தோ பாரு, அம்மா வந்துட்சி" என்றாள். ஆதிரை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குள் எதுவோ ஒன்றை எடுத்து வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்ததுபோல் இருந்தது அந்தப் பார்வை. பிறகு, "ம்மா" என்று கையை நீட்டினாள். அத்தை என்று நான் திருத்தியிருக்க வேண்டும். தூக்கிக்கொண்டேன். அதன் பிறகு ஒருமுறைகூடத் திருத்தவில்லை.

பொங்கலன்று காலையில் தம்பியால் பொறுக்க முடியவில்லை. நான் சொன்னதை மீறிப் பிரியாவுக்குப் போன் செய்துவிட்டான். அவள் உங்களிடம் சொன்னதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவன், "பிரியா, வெச்சிடாத. ஒரே ஒரு வார்த்த. பாப்பா எப்டி கீறா?" என்று கேட்டானாம். அவள், "டேய், எங்கடா வெச்சிருக்க எம்பொண்ண?" என்று கத்தினாளாம். பிறகு ஒரே நேரத்தில் இரண்டு பேரும் என் பெயரைச் சொன்னார்களாம்.

மாட்டுப்பொங்கலன்று நீங்கள் என் போன் இருந்த இடத்தை வைத்து அவளோடு கண்ணம்மா வீட்டுக்கு வந்தீர்கள். அங்கே நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். ஆனாலும் உங்கள் குறிப்பில் ஒரு இடம் தவறாக இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஆதிரை வாசலில் உட்கார்ந்து கரும்புத் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிரியா ஜீப்பிலிருந்து இறங்கியவள் ஓடி வரவில்லை. பயமுறுத்திவிடக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, மெதுவாக நடந்துவந்து, நாலடி தள்ளி மண்ணில் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். "ஆதிம்மா" என்றாள். குழந்தை நிமிர்ந்து பார்த்தது. கரும்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்தது. பிரியா இரண்டு கையையும் விரித்தாள்.

ஆதிரை திரும்பி ஓடிவந்து என் புடவைக் கொசுவத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். என் காலைக் கட்டிக்கொண்டு, "ம்மா, யாது?" என்று கேட்டாள்.

பிரியா விரித்த கையை உடனே மடக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, மடியில் வைத்துக்கொண்டாள். என்னை அவள் திட்டவில்லை. "அவளுக்குக் காய்ச்சல் வந்தா வலிப்பு வரும், மருந்து குடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். கொடுத்தேன் என்றேன். அப்போதுதான் நான் அழுதேன். கீழே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். உங்கள் பெண் காவலர்தான் என்னைத் தூக்கிவிட்டார்.

தம்பி சொன்னது பொய் என்பதையும், யோசித்தது, இடம் பார்த்தது, ஒளித்துவைத்தது மூன்றும் நான்தான் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். தண்டனை எதுவானாலும் எனக்கு மறுப்பு இல்லை. ஆதிரை இப்போது காட்டுப்பாக்கத்தில் என்னைக் கேட்டு அழுகிறாள் என்று நீங்கள் நேற்றுச் சொன்னீர்கள். என்னை ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டினால் குழந்தை சமாதானமாகும் என்று நான் கேட்டேன். நீங்கள் என்னை வெறுமனே பார்த்தீர்கள். கேட்டிருக்கக் கூடாது.

குறிப்பில் அந்த இடத்தில், "செய்த தவற்றை எண்ணி வருந்தி அழுதார்" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனதோடு எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த வரியை அடித்துவிடுங்கள். பெற்றவள் நாலடி தூரத்தில் கையை விரித்து உட்கார்ந்திருக்கும்போது, குழந்தை என்னிடம்தான் ஓடிவந்தது. அந்தச் சந்தோஷம் தாங்காமல்தான் அழுதேன்.